டீகன் போடும் நம்பர்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி ஆகிவிட்டால் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் கிழக்கு வராந்தாவில் டீ வண்டிகூட நகராது. ரத்தம் எடுக்கிறவர், தரை துடைக்கிறவர், பெரிய டாக்டர், யாராக இருந்தாலும் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் அங்கே பந்தயம் நடக்கும். பந்தயக்காரர்கள் யார் என்கிறீர்கள்? இடுப்பு உடைந்தவர்கள், முட்டி மாற்றியவர்கள், பக்கவாதம் வந்து ஒரு காலை இழுத்து நடக்கிறவர்கள். எழுபதுக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது.

இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தவள் டீகன் ஹார்ட்னெட். அந்த ஆஸ்பத்திரிக்கு இருக்கிற ஒரே பிசியோ. முப்பத்துநாலு வயது, ஒரு கதவை அடைக்கிற தோள், மூன்றாவது வார்டில் பேசினால் சமையலறையில் கேட்கிற குரல். டாஸ்மேனியாவின் இந்த வடமேற்குக் கரையில் உருளைக்கிழங்குக்கும் பாலுக்கும் அடுத்தபடி பேர் போனது மரவெட்டுப் போட்டி. டீகன் அந்த மண்ணில் விளைந்தவள்.

மரவெட்டு என்றால் விறகு பிளக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கட்டைமேல் ஏறி நின்றுகொண்டு, தன் இரண்டு பாதங்களுக்கு நடுவே கோடரியை இறக்கி, அந்தக் கட்டையை இரண்டாக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் கால் விரல் போச்சு. எட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். ஆனால் எட்டுப் பேரும் ஒன்றாக ஆரம்பிக்க மாட்டார்கள், அதில்தான் சூட்சுமம். ஒருவர் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணுவார். சுமாரான ஆளுக்கு நம்பர் மூன்று, அவன் மூன்றிலேயே வெட்டத் தொடங்கலாம். கெட்டிக்காரனுக்கு நம்பர் இருபது. மற்றவர்கள் எல்லாம் சில்லு பறக்க வெட்டிக்கொண்டிருக்க, அவன் கோடரியைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நம்பர் சரியாகப் போட்டிருந்தால் எட்டுக் கட்டையும் ஒரே நேரத்தில் விழும். கூட்டம் கத்துகிற கத்தலில் குதிரைகள் மிரளும்.

டீகனின் அப்பா ராஸ், இந்தக் கரை முழுக்க நம்பர் போடுகிறவர். ஆகவே எல்லாருக்கும் எதிரி. அவர் மேஜையில் ஸ்டாப்வாட்ச் பிடித்தே வளர்ந்தாள் டீகன். எவன் முழுசாக வெட்டுகிறான், எவன் அடுத்த வாரம் சின்ன நம்பர் கிடைக்கட்டும் என்று பலத்தை ஒளித்து வெட்டுகிறான் என்று பார்ப்பதுதான் அப்பாவுக்கும் மகளுக்கும் வேலை. கையைப் பார்த்தால் தெரியாது. கை நடிக்கும். இடுப்பைப் பார்க்க வேண்டும், பாதத்தைப் பார்க்க வேண்டும். பத்து வயதிலேயே அவளுக்கு அது அத்துப்படி.

அப்படிப்பட்டவளே பத்தொன்பது வயதில் ஒளித்து வெட்டினாள் என்றால் நம்புவீர்களா? வெட்டினாள். ஈஸ்டர் போட்டியில் முதல் பரிசான நீல நாடாவை வாங்கிவிட வேண்டும் என்கிற வெறி. அதற்கு முந்தைய போட்டியில் சும்மா ஒப்புக்கு வெட்டி ஐந்தாவதாக முடித்தாள். ராஸ் மேஜையிலிருந்து எழுந்து வந்து, ஊரே பார்க்க, ஒலிபெருக்கியில் சொன்னார்: "டீகன் ஹார்ட்னெட். ஒளிச்சு வெட்டினதுக்கு ஒரு வருஷம் தடை." பெற்ற மகள்! மூன்று மாதம் அவரோடு பேசவில்லை அவள். கோடரியைத் தொட முடியாத அந்த வருஷத்தில் என்ன செய்வது என்று தெரியாமல்தான் பிசியோ படிக்கப் போனாள். போன இடத்தில், மனித உடம்பைப் பற்றிப் பேராசிரியர் சொல்வதில் பாதி தனக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதைக் கண்டு அவளே வாயைப் பிளந்தாள்.

வேலைக்கு வந்த முதல் வருஷம் கிழங்களோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போனாள். "நடங்க" என்றால் "நாளைக்கு" என்பார்கள். கெஞ்சினால் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒரு நாள் கோபம் தலைக்கேறி, வராந்தாவில் ஐந்து நாற்காலியைப் போட்டு, பத்து மீட்டர் தள்ளி ஐந்து சிவப்புக் கூம்பை வைத்து, ஆளுக்கொரு நம்பரை முதுகில் ஒட்டிவிட்டாள். எழுந்து போய்க் கூம்பைச் சுற்றி வந்து மறுபடி உட்கார வேண்டும். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு, பெரில் கிரான்ஸ் என்கிற எண்பத்திரண்டு வயது அம்மாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தனியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். டீகன் கழிப்பறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் ஒரு குதி குதித்துவிட்டு வந்தாள்.

ஆளாளுக்கு எடுத்த நேரத்தை அவள் நோட்டில் எழுதுவாள். அதே எண்ணை ஆஸ்பத்திரி ஃபைலிலும் எழுதிவிடுவாள். ஃபைலுக்கென்று இன்னொரு தடவை நடக்க விடுவானேன் என்கிற எண்ணம். அந்தச் சோம்பல்தான் பின்னால் கழுத்தைப் பிடித்தது.

ஆறு வாரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார் கிளாரி பென்டல். எழுபத்தொன்பது வயது. மனைவி போய்ப் பல வருஷம் ஆகிறது. மேட்டு நிலத்தில் தனியாக, நாற்பது மாடும் ஒரு கிழட்டு நாயுமாக இருந்தவர். கொட்டகைப் படியில் வழுக்கி இடுப்பு உடைந்தது. இளமையில் அவரும் கோடரி பிடித்தவர், அதனால் டீகன் நம்பர் போடுகிற விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்துபோயிற்று.

"எனக்கு என்ன நம்பர்மா போடுவ?"

"முதல்ல நடந்து காட்டுங்க. அப்புறம் பேரம்."

ஐம்பத்தெட்டு வினாடி. அடுத்த வாரமும் ஐம்பத்தெட்டு. அதற்கடுத்த வாரம் ஐம்பத்தேழு. டீகன் தலையைச் சொறிந்தாள். தொடையைத் தொட்டுப் பார்த்தால் சதை கல்லு மாதிரி ஏறியிருக்கிறது, நேரம் மட்டும் அசையவில்லை. வயசாச்சு, பயம் போகவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை கூட்டத்தில் டாக்டர் நெவில் ஃபைலைத் திறந்தார். கிளாரியின் மகள் வெண்டி வந்திருந்தாள். லான்செஸ்டனில் இருக்கிறவள், ஐம்பது வயது, கண்ணுக்குக் கீழே கருவளையம். ஞாயிறு தவறாமல் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்து அப்பாவுக்கு ஒரு வாரத்துச் சாப்பாடு சமைத்து வைத்துவிட்டுப் போகிறவள்.

"தனியா வீட்டுக்கு அனுப்பணும்னா நாப்பது செகண்டுக்குள்ள வரணும்," என்றார் நெவில். "டீகன், கடைசியா எவ்வளவு?"

"ஐம்பத்தேழு," என்றாள் டீகன். அவள் வாயால்தான் சொன்னாள்.

முடிந்தது. வெண்டியின் வீட்டருகே ஒரு முதியோர் இல்லத்தில் அறை காலியாக இருந்தது. சனிக்கிழமை காலை கார் வரும். மாட்டை அக்கம்பக்கத்தில் யாராவது வாங்கிக்கொள்வார்கள். "அவர்கிட்ட நானே வெள்ளிக்கிழமை சொல்றேன்," என்று வெண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை. டீகன் ஜன்னலோரம் நின்று ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மீசைக்காரர் ஒருவர், சமையலறைக்குக் கிழங்கு மூட்டை ஏற்றி வந்த டிரெய்லரைப் பின்னோக்கி எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வலது பக்கம் போக வேண்டியது இடது பக்கம் மடங்குகிறது. மறுபடி முன்னே, மறுபடி பின்னே. நம்ம ஊர் விவசாயி ஒருவன் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வான், டிரெய்லரைத் தப்பாகப் பின்னெடுப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

பக்கவாட்டுக் கதவு படாரென்று திறந்தது. கிளாரி! வாக்கர் இல்லை. கைத்தடி இல்லை. செருப்பும் பைஜாமாவுமாக விறுவிறுவென்று நடந்து போனார்.

"யோவ்! ஸ்டியரிங்க அந்தப் பக்கம் ஒடிய்யா! அந்தப் பக்கம்! வண்டி ஓட்ட எவன்யா உனக்குச் சொல்லிக் குடுத்தான்?"

டீகன் வாயில் ரொட்டி அப்படியே நின்றது. அவளை அறியாமல் உதடு எண்ணத் தொடங்கிவிட்டது. கதவிலிருந்து டிரெய்லர் வரை, டிரெய்லரைச் சுற்றி, திரும்பக் கதவு வரை, பந்தயத் தூரத்துக்குக் குறையாது. அவள் கணக்கில் முப்பத்தைந்துகூட ஆகவில்லை! அவள் அவருடைய இடுப்பைப் பார்த்தாள். என்ன அருமையான இடுப்பு! எண்ணெய் போட்ட கீல் மாதிரி! சந்தோஷம் பொங்கியது, அதன் பின்னாலேயே ஃபைலில் எழுதிய ஐம்பத்தேழு நினைவுக்கு வந்தது. இரண்டு மாடிப் படியையும் தாவி இறங்கினாள்.

"கிளாரி பென்டல்! ஒளிச்சா நடந்தீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "நாளைக்கு மாசக் கடைசி வெள்ளி இல்லியாம்மா? ஜெயிச்சா நீல நாடா. ஒழுங்கா நடந்திருந்தா நீ என்னை இருபத்தெட்டுக்குத் தள்ளியிருப்ப. அந்தப் பெரில் கிழவி ஜெயிச்சுட்டுப் போயிருப்பா. இப்ப என் நம்பர் அஞ்சு. நாளைக்கு வேடிக்கை பாரு."

"நாடாவா? ஒரு நாடாவுக்கா?" அவள் குரல் உடைந்தது. "அந்த ஐம்பத்தேழ நான் ஃபைல்ல எழுதிட்டேன், கிளாரி. அதை வச்சுத்தான் உங்கள வீட்டுக்கு அனுப்பறதா வேண்டாமான்னு முடிவு பண்ணாங்க. சனிக்கிழமை கார் வருது. லான்செஸ்டனுக்கு. இல்லத்துக்கு."

கிளாரியின் முகத்திலிருந்து ரத்தம் வடிந்துபோயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டார். "என் மாடு?" என்றார்.

"தப்பு என்னுது," என்றாள் டீகன். "பந்தயத்து எண்ணைத் தூக்கி ஃபைல்ல போட்டேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். நம்பர்னு ஒன்னு இருந்தா எவனாவது ஒளிப்பான்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? நானே ஒளிச்சவ."

டாக்டர் நெவில் பொறுமையாகத்தான் கேட்டார். "ஆறு வாரமா ஐம்பத்தேழுன்னு எழுதியிருக்க. இப்ப முப்பத்தஞ்சுங்கற, அதுவும் ஜன்னல் வழியா, மனசுக்குள்ள எண்ணி. எதைம்மா நான் நம்பறது? சாயங்காலம் என் முன்னாடி நடக்கச் சொல்லு."

சாயங்காலம் வெறிச்சோடிக் கிடந்த வராந்தாவில் ஒரு நாற்காலி, ஒரு கூம்பு. நெவில் மணிக்கட்டைப் பார்த்தபடி நின்றார். கிளாரி எழுந்தார். இந்தத் தடவை ஒளிக்கவில்லை, சத்தியமாக ஒளிக்கவில்லை. ஆனால் கால் கட்டிப்போட்டது போல் விறைத்துக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் தரையைப் பார்த்தார். கூம்பருகே தடுமாறினார். ஐம்பத்துமூன்று.

"பார்த்தியா," என்றார் நெவில். குரலில் இரக்கம் இருந்தது, அதுதான் டீகனுக்குத் தாங்கவில்லை.

"டாக்டர், ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்!" அவள் வழியை மறித்துக்கொண்டாள். "இவர் கோடரிக்காரர். பெரிய நம்பர்ல வெட்டினவர். அந்த ஆளுங்களத் தனியா வெட்டச் சொன்னா வெட்டவே வராது. எனக்கும் வராது. முன்னாடி நாலு பேர் போய்க்கிட்டே இருக்கணும், துரத்திப் பிடிக்கணும், அப்பத்தான் உடம்பு தன்னை மறந்து வேலை செய்யும். நேத்துப் பாருங்க, ஒரு டிரெய்லரத் துரத்திக்கிட்டுத்தான் நடந்தாரு. வீட்டுல அவருக்கு முன்னாடி நாப்பது மாடு போகும். யாருமில்லாத வராந்தாவா இருக்கப்போகுது? நாளைக்குப் பந்தயத்துல வந்து பாருங்க. அதுலயும் வரலைன்னா நானே கார்ல ஏத்தி விடறேன்."

பதற்றத்தில் அன்றைக்குக் காலையில் நடந்ததை 'நேற்று' என்றாள். நெவில் திருத்தவில்லை. தாடையைத் தடவினார். "பத்தரைக்குத்தானே?" என்றார்.

அடுத்த தடை உள்ளிருந்து வந்தது. சமாச்சாரம் வார்டு முழுக்கப் பரவிவிட்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் பெரில் கிரான்ஸ் கரண்டியால் தட்டைத் தட்டினாள்.

"ஒளிச்சு நடந்தவனுக்குத் தடை போடணும். அதுதானே முறை?"

கிளாரி நிமிர்ந்தார். "ஆமா. தடைதான் போடணும். பெரில் சொல்றது நியாயம்." ஐயோ, இந்த மனுஷர்களை என்ன செய்வது! வீடு வாசல் போகிற நேரத்தில் நியாயம் பேசுகிறார். "நான் நடக்கல டீகன். விடு."

டீகனுக்கு இரண்டு பேரையும் உலுக்கிவிடலாம் போல இருந்தது. "தடை போட வேண்டியவ நான். நம்பர் போடறவ நான்தான் இங்க! நாளைக்கு இருபத்தெட்டுல கிளம்பறீங்க. அதுதான் உங்க தண்டனை. பெரில், உங்களுக்கு நம்பர் ஒன்னு. போதுமா?"

பெரில் மனக்கணக்குப் போட்டாள். இருபத்தேழு எண்ணிக்கை முன்னால். உதடு மெல்ல விரிந்தது. "வரட்டும். யோவ் கிளாரி, நல்லாத் தூங்கி எந்திரி. என் முதுகுல பூப்போட்ட கவுன் இருக்கும், அதையே பார்த்துக்கிட்டு வா."

வெள்ளிக்கிழமை. கிழக்கு வராந்தாவில் நிற்க இடமில்லை. சமையலறையே காலியாகி வந்துவிட்டது. சுவரோரம் டாக்டர் நெவில், கையில் தேநீர்க் கோப்பை. அவருக்குப் பக்கத்தில் வெண்டி, போனை மார்போடு பிடித்துக்கொண்டு. அவளிடம் காலையில் டீகனே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். வெண்டி திட்டவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை. "அவர் மறுபடி விழுந்தா யார் ஓடி வருவா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து நாற்காலி. ஐந்து பேர். டீகன் ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்து, அப்பாவின் குரல் மாதிரி அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஒன்னு!"

பெரில் கிளம்பிவிட்டாள். வாக்கரின் சக்கரம் கிரீச்சிட்டது. "ஏழு!" முட்டி மாற்றிய இரட்டைச் சகோதரிகளில் மூத்தவள் எழுந்தாள். "பத்து!" இளையவள். "பதினாலு!" பக்கவாதத்துக் கார்டன் எழுந்து இடது காலை வீசிப் போட்டார். கூட்டம் கத்துகிறது, தட்டைத் தட்டுகிறது. கிளாரி மட்டும் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது. இருபது. பெரில் கூம்பை நெருங்கிவிட்டாள். கிளாரியின் பாதங்கள் மெல்லப் பின்னால் நகர்ந்து நாற்காலிக்கு அடியில் ஊன்றின. உடம்பு முன்னால் சாய்ந்தது. டீகன் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். கட்டைமேல் ஏறி நிற்கிறவன் பாதம் அது.

"இருபத்தாறு! இருபத்தேழு! இருபத்தெட்டு!"

எழுந்தார். கையை ஊன்றவே இல்லை! முதல் அடி, இரண்டாவது அடி, அப்புறம் எண்ண முடியவில்லை. கண் தரையில் இல்லை, பூப்போட்ட கவுனில் இருந்தது. கார்டனை ஆறாவது மீட்டரில் தாண்டினார். "சாரி மச்சான்!" என்று கூவிக்கொண்டே தாண்டினார். கூம்பில் திரும்பினார், தடுமாற்றம் இல்லை.

"இடுப்பு! இடுப்பால தள்ளுங்க! தோள விடுங்க!" டீகன் கத்தினாள். அவள் வரிசைக்கு வெளியே பக்கவாட்டில் கூடவே ஓடினாள். "ஐயோ வாங்க! வாங்க கிளாரி! அப்படித்தான்!" சகோதரிகள் இரண்டு பேரையும் தாண்டியாயிற்று. பெரில் நாற்காலிக்கு முன்னால் திரும்பிப் பின்பக்கத்தை இறக்குகிறாள், கிளாரி வந்துவிட்டார், திரும்புகிறார், பெரில் உட்கார்ந்தாள், கிளாரி உட்கார்ந்தார். ஒரு மூச்சு வித்தியாசம்.

"நான்தான்! நான்தான்!" பெரில் இரண்டு கையையும் தூக்கினாள். கூட்டம் கூரையைப் பிய்த்துவிட்டது. கிளாரி மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, இருபது வயசுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். டீகன் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அவர் தோளை அறைந்தாள்.

"நேரம்?" என்றார் நெவில்.

டீகன் கையை விரித்தாள். ஸ்டாப்வாட்சில் பூஜ்யம். இருபத்தெட்டில் அழுத்த வேண்டியதை அழுத்தவே இல்லை. ஆறு வயதிலிருந்து கடிகாரம் பிடிக்கிறவள், இன்றைக்குப் போய் மறந்திருக்கிறாள்.

சத்தம் மெல்ல அடங்கியது. "என் கண்ணுக்கு நல்லாத்தான் பட்டது," என்றார் நெவில், சங்கடத்தோடு. "ஆனா கண்ணுக்குப் பட்டதை ஃபைல்ல எழுத முடியாதே. அதுவும் இத்தனைக்கு அப்புறம். மறுபடி நடக்க முடியுமா?"

கிளாரியின் கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பார்த்தாலே தெரிந்தது. கார் நாளைக் காலையில். டீகன் ஸ்டாப்வாட்சைத் தரையில் வீசி அடிக்கப் போனாள்.

"நான் நேரம் எடுத்தேன்," என்றது ஒரு குரல்.

வெண்டி. போனை இன்னும் மார்போடு பிடித்திருந்தாள். திரையை யாரும் பார்க்கவில்லை, அவள் மட்டும்தான் பார்த்தாள். அறைக்கு முன்பணம் கட்டியவள் அவள். ஞாயிறு தவறாமல் மலைச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவள் அவள். போன் அடித்தாலே நெஞ்சு பதைக்கிறவள் அவள். ஐம்பது என்று சொல்லியிருந்தால் அந்த வராந்தாவில் ஒருத்தராலும் மறுத்திருக்க முடியாது.

"முப்பத்தாறு," என்றாள் வெண்டி. உதடு கோணியது. "முப்பத்தாறு செகண்ட், டாக்டர்."

நெவில் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து எழுதினார்.

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பெரில் தன் நீல நாடாவுக்காகக் கத்திக்கொண்டிருந்தாள், டீகன் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்தச் சந்தடியில் கிளாரி மகளின் மணிக்கட்டைப் பிடித்து அருகே இழுத்தார்.

"ஏம்மா, நீ ஐம்பதுன்னு சொல்லியிருக்கலாமே. நானே ஆறு வாரமா ஒளிச்சவன்தானே."

வெண்டி அவர் நடுங்குகிற முட்டியின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீங்க நடந்தீங்களேப்பா," என்றாள். "நான் பாத்தேனே."